இடம் பெயர்ந்த பழைய அண்டை வீட்டாருக்காக ஒரு கையெழுத்து இதழ்: எப்படித் தொடங்குவது?

கேள்வி: கோலிவாடா வாசகி

அனைவருக்கும் வணக்கம். மும்பையில் சயான் கோலிவாடாவை ஒட்டி, இரண்டு தலைமுறைகளாக நாங்கள் குடியிருந்த, பொது நடைவழியை ஒட்டி வரிசையாக அமைந்த சால் வீடுகள் மறுகட்டுமானத்துக்காக இடிக்கப்பட்டுவிட்டன. புதுக் கட்டடம் எழும்பும்வரை மாத வாடகைக்குப் பணம் கிடைக்கும் என்ற ஏற்பாட்டின்பேரில், ஏறக்குறைய நாற்பது தமிழ்க் குடும்பங்கள் அவரவர் வசதிக்கேற்பப் பிரிந்து போனோம். சிலர் மான்கூர்டிலும் செம்பூரிலும் இருக்கிறார்கள். சிலர் தாராவியில் உறவினர் வீட்டோடு ஒண்டியிருக்கிறார்கள். இன்னும் சிலர் முலுந்துக்கே போய்விட்டார்கள். கட்டட வேலை சொன்ன தேதியைக் கடந்தும் முடியவில்லை.

இதில் மிகவும் வாடிப்போனவர்கள் எங்கள் தாய்மார்களும் பாட்டிமார்களும்தாம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மணமுடித்து வந்த நாள்முதல் ஒரே குழாயடியில் தண்ணீர் பிடித்து, ஒரே நடைவழியில் வடகம் காயவைத்து, ஒருவர் பிள்ளையை மற்றவர் பார்த்துக்கொண்டு வாழ்ந்தவர்கள் அவர்கள். இன்று ஆறாவது மாடியிலும் ஒன்பதாவது மாடியிலும் கதவைச் சாத்திக்கொண்டு, எதிர்வீட்டில் இருப்பவர் யார் என்று தெரியாமல் நாளைக் கழிக்கிறார்கள். நேரில் பார்க்கப் போனால் முதலில் விசாரிப்பது மற்றவர்களைப் பற்றித்தான்: அவளுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது, இவள் பேத்திக்கு வரன் அமைந்ததா என்று.

உலகின் பல நகரங்களில் ஸீன் என்று சொல்லப்படும் கையிதழ்களை, தாளை மடித்துக் கையால் எழுதிப் படம் வரைந்து நகலெடுத்துப் பகிரும் சிற்றேடுகளை, நண்பர் ஒருவர் எனக்குக் காட்டினார். அதைப் போலவே, பிரிந்துபோன நாற்பது குடும்பங்களுக்காக மட்டும் ஓர் இதழை நாங்களே கையால் தயாரித்து வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். விற்பனைக்கோ விளம்பரத்துக்கோ இதைச் செய்ய நினைக்கவில்லை. எங்கள் பெண்கள் ஒருவரையொருவர் மறந்துவிடக் கூடாது, தனிமையில் நோயுற்றுப் போகக் கூடாது என்பதே என் கவலை.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். தாள், மடிப்பு, தையல் ஆகியவற்றை எப்படித் திட்டமிடுவது? எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களை எப்படிச் சேர்த்துக்கொள்வது? எத்தனை மாதங்களுக்கு ஒருமுறை கொண்டுவருவது நல்லது?

மறுமொழி: நூலும் ஊசியும்

வணக்கம் சகோதரி. செய்முறையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மற்றவற்றை என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

மிக எளிய வடிவம் ஒற்றைத் தாள் இதழ். ஓர் ஏ4 தாளை எட்டுக் கட்டங்களாக மடித்து, நீளவாக்கில் ஓடும் நடு மடிப்பின்மீது இடையிலுள்ள இரண்டு கட்டங்களின் நீளத்துக்கு ஒரே ஒரு வெட்டுக் கொடுத்து, வெட்டு விரியும்படி இரு முனைகளையும் உள்நோக்கித் தள்ளினால், பசையும் தையலும் இல்லாமல் எட்டுப் பக்கச் சிற்றேடு உருவாகிவிடும். ஒரு பக்கத்தில் மட்டும் நகலெடுத்தால் போதும். பிரித்தால் பின்புறம் ஒரு முழுத் தாள் வெறுமையாகக் கிடைக்கும், அதில் பெரிய படமோ வரைபடமோ போடலாம். ஆனால் ஒவ்வொரு பக்கமும் 74 மில்லிமீட்டர் அகலமும் 105 மில்லிமீட்டர் உயரமுமே இருக்கும் என்பதால், கண்புரை உள்ள பெரியவர்களுக்கு இந்த அளவு உதவாது. பிள்ளைகள் செய்யும் இணைப்பாக வேண்டுமானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

முதன்மை இதழுக்கு ஏ4 தாளைப் பாதியாக மடித்த ஏ5 அளவே ஏற்றது. நான்கு தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மடித்தால் பதினாறு பக்கங்கள் வரும். பக்கங்கள் எப்போதும் நான்கின் மடங்காகவே அமையும் என்பதையும், தாளின் ஒரே முகத்தில் அருகருகே வரும் இரண்டு பக்க எண்களைக் கூட்டினால் மொத்தப் பக்கத்தைவிட ஒன்று கூடுதலாக வரும் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டால் வரிசை குழம்பாது. அதாவது பதினாறு பக்க இதழில் வெளித்தாளின் ஒரு முகத்தில் 16, 1 என்றும், மறுமுகத்தில் 2, 15 என்றும் வரும். அசல் பிரதியை எழுதத் தொடங்குமுன் வெற்றுத்தாளில் ஒரு மாதிரி மடித்து, அதில் எண்களை இட்டுப் பார்த்துவிடுங்கள்.

சிலர் அசலை ஏ4 அளவில் எழுதிப் பின்னர் ஏ5 அளவுக்குச் சுருக்கி நகலெடுப்பார்கள். அப்படிச் செய்தால் எழுத்து ஏறக்குறைய 71 விழுக்காடாகச் சுருங்கும். எட்டு மில்லிமீட்டர் உயரத்தில் எழுதியது ஆறு மில்லிமீட்டருக்கும் கீழே இறங்கிவிடும். உங்கள் வாசகர்களுக்காக நான் சொல்வது, அசலையே ஏ5 அளவில், கறுப்பு மையில், தாராளமான இடைவெளி விட்டு எழுதுங்கள். வெளிர்நீலத்தையும் பென்சிலையும் நகலெடுக்கும் இயந்திரம் சரியாகப் பிடிக்காது. நான்கு ஓரங்களிலும் பத்து மில்லிமீட்டர் வெறுமையாக விடுங்கள். இயந்திரம் தாளின் விளிம்புவரை அச்சிடாது, முன்பக்கமும் பின்பக்கமும் சற்று விலகியும் விழும்.

ஸ்டேப்ளர் பின் வேண்டவே வேண்டாம். மும்பையின் கடற்காற்றிலும் மழைக்கால ஈரத்திலும் அது துருப்பிடித்து, நடுமடிப்பில் பழுப்புக் கறையாகப் பரவி, தாளையும் அரித்துவிடும். மூன்று துளைத் தையல் போதும். நடுமடிப்பில் மேலே, நடுவில், கீழே என்று மூன்று துளைகள் இட்டு, நடுத்துளையின் உட்புறத்திலிருந்து ஊசியை வெளியே எடுத்து, மேல்துளை வழியாக உள்ளே வந்து, நடுத்துளையைத் தாண்டிக் கீழ்த்துளை வழியாக வெளியேறி, மறுபடியும் நடுத்துளை வழியாக உள்ளே வந்து, உட்புறம் ஓடும் நீண்ட நூலை நடுவில் அணைத்தவாறு முடிச்சிட வேண்டும். நூலை முன்கூட்டியே மெழுகுவத்தியில் ஒருமுறை இழுத்துவிட்டால் சிக்காது. உங்கள் பெண்களில் பூக்கட்டத் தெரிந்தவர்கள் கட்டாயம் இருப்பார்கள். இந்தத் தையலை ஒருமுறை பார்த்ததும் அவர்கள் கைக்கு வந்துவிடும். ஆகவே தைக்கும் வேலையை நீங்கள் முடித்துக்கொண்டு போகாதீர்கள், அவர்களுக்கே விட்டுவிடுங்கள்.

மறுமொழி: முலுந்த் வாசகன்

உங்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆனாலும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. நாற்பது குடும்பங்களுக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தால் மூட்டுவலியும் வரனும் அன்றைக்கே எல்லோருக்கும் தெரிந்துவிடுமே. குரல் பதிவு அனுப்பினால் எழுதப் படிக்கத் தெரியாத சிக்கலும் தீர்ந்தது. மூன்று மாதம் கழித்து வரும் தாளில் மூன்று மாதப் பழைய செய்திதானே இருக்கும்? உழைப்பையும் பணத்தையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 1867ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக இயற்றப்பட்ட பத்திரிகை மற்றும் பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் (2023), 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பொதுச் செய்திகளையோ அவற்றைப் பற்றிய கருத்துகளையோ தாங்கி, குறித்த கால இடைவெளியில் அச்சாகி வெளிவருவதை அது பருவ இதழ் என்று வரையறுக்கிறது. குடும்ப நினைவுகளும் சமையல் குறிப்புகளும் அந்த வரையறைக்குள் வருவதாக எனக்குத் தோன்றவில்லை; ஆனால் மறுகட்டுமானப் பிரச்சினையைப் பற்றித் தொடர்ந்து எழுதப் போகிறீர்கள் என்றால், முன்னதாக ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொள்ளுங்கள்.

மறுமொழி: செம்பூர் முதியவர்

அம்மா, உங்கள் கேள்வியைப் படித்ததும் மனம் நிறைந்தது. நீங்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நம்மவர்களிடம் நெடுங்காலமாக இருந்த ஒரு பழக்கத்தைத்தான் தேடிப் போகிறீர்கள். ஊரில் படிப்பகம் என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு கையெழுத்துப் பத்திரிகையும் இருக்கும். கல்லூரி விடுதிகளிலும் இளைஞர் மன்றங்களிலும் அதே வழக்கம். நாங்கள் இளைஞர்களாகப் பம்பாய்க்கு வந்தபோது அதைக் கையோடு கொண்டுவந்தோம்.

அதில் நகலே கிடையாது. ஒரே ஒரு பிரதி. முத்துமுத்தாக எழுதக்கூடிய ஒருவர் முழுவதையும் எழுதுவார். ஓவியம் தெரிந்தவர் அட்டைப்படத்தை நீர்வண்ணத்தில் தீட்டுவார். பழைய நாட்காட்டி அட்டையை ஒட்டி, பைண்டு செய்து, வீடுவீடாகச் சுற்றுக்கு விடுவோம். முதல் பக்கத்தின் உட்புறத்தில் ஒரு சுற்றுச்சீட்டு ஒட்டியிருக்கும். அதில் வரிசையாக உறுப்பினர் பெயர், இதழ் கைக்கு வந்த தேதி, அடுத்தவரிடம் ஒப்படைத்த தேதி, கையொப்பம் என்று நான்கு கட்டங்கள். ஒருவர் வீட்டில் இதழ் பதினைந்து நாள் தங்கிவிட்டதென்றால் அந்தக் கட்டமே காட்டிக்கொடுத்துவிடும். உடனே யாராவது போய், வீட்டில் யாருக்கேனும் உடம்பு சரியில்லையா என்று விசாரித்துவிட்டு வருவார்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு சிரமம் அங்கே இருக்கவும் செய்யும். இதழின் தாமதத்தாலேயே மன்றத்துக்கு ஒருவரின் துன்பம் தெரியவந்தது என்பதை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன்.

கடைசி எட்டுப் பத்துப் பக்கங்களை வெறுமையாக விட்டுவிடுவோம். படித்தவர்கள் தங்கள் கருத்தை அங்கே எழுத வேண்டும். ஒருவர் கவிதையைப் பாராட்டியிருப்பார், அடுத்தவர் அதை மறுத்திருப்பார், மூன்றாமவர் இருவருக்கும் பதில் சொல்லியிருப்பார். இதழ் சுற்றி முடிந்து திரும்பி வரும்போது, புறப்பட்டபோது இருந்ததைவிடக் கனமான ஒன்றாக வந்து சேரும்.

அமெரிக்காவிலும் இதற்கு இணையான வழக்கம் உண்டு. அங்கே 1876இலேயே தேசிய அமெச்சூர் அச்சகச் சங்கம் ஒன்று உருவானது. அறிவியல் புனைகதை வாசகர்கள் 1930 முதல் தாங்களே தட்டச்சு செய்து சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் உருட்டி இதழ்கள் வெளியிட்டார்கள். 1937இல் அவர்கள் தொடங்கிய சங்கத்தில் உறுப்பினர்கள் தத்தம் இதழின் படிகளை ஒரு பொறுப்பாளருக்கு அனுப்புவார்கள். அவர் எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனைவருக்கும் திருப்பி அனுப்புவார். அடுத்த கட்டில் முந்தைய கட்டைப் பற்றிய பதில்கள் வரும். மெழுகுத்தாளில் குத்தி உருட்டிய அந்தத் தாள்களுக்குப் பிறகு, 1959இல் ஜெராக்ஸ் இயந்திரம் அறிமுகமாகி, எழுபதுகளின் இசை ரசிகர்களும் தொண்ணூறுகளின் பெண்ணிய இளம்பெண்களும் அதைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். எச்.ஐ.வி. பாதித்தவர்கள்கூட மருத்துவத் தகவல்களையும் தங்கள் வேதனைகளையும் இத்தகைய இதழ்களில் பகிர்ந்துகொண்டார்கள். அன்று அவர்களோடு வெளிப்படையாகப் பேசுவதற்கே பலர் தயங்கினார்கள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே என் யோசனை இது. இரண்டையும் செய்யுங்கள். வீட்டுக்கு ஒன்றாக நகலெடுத்த ஏ5 இதழ் ஒன்று. அதோடு கூடவே, ஒரே பிரதியாகச் சுற்றிவரும் பெரிய ஏடு ஒன்று. அந்த ஏட்டின் நடுவில் உங்கள் பழைய சாலின் வரைபடத்தைப் போடுங்கள். குழாயடி எங்கே இருந்தது, மாடிப்படி எங்கே திரும்பியது, கோயில் மரம் எந்தப் பக்கம் என்பதை மட்டும் வரைந்து, கதவுகளை வெறும் கட்டங்களாக விடுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் தங்கள் கதவை அவர்களே நிரப்பட்டும். யார் இருந்தார்கள், யாருக்கு முன்னால் யார் இருந்தார்கள், அந்த வாசலில் என்ன கோலம், எந்தத் திண்ணையில் எவர் உட்கார்ந்து அரிசி புடைத்தார் என்று. கைந்நாட்டு வைப்பவர்கள் கைந்நாட்டே வைக்கட்டும், கோலம் போடத் தெரிந்தவர்கள் கோலமே போடட்டும். இடித்த கட்டடத்துக்கு மாநகராட்சியிடம் ஒரு வரைபடம் இருக்கும். அதில் இவை எதுவும் இருக்காது.

மறுமொழி: தாராவி செவிலி

முலுந்த் வாசகன் ஐயாவின் கேள்விக்கு என் தொழில் அனுபவத்திலிருந்து பதில் சொல்ல விரும்புகிறேன். படுத்த படுக்கையாக உள்ள முதியவர்களை வீட்டுக்கே போய்க் கவனிக்கும் பணியில் இருக்கிறேன். வாட்ஸ்அப் வேகமானது, அவசரத்துக்கு உதவக்கூடியது என்பதில் ஐயமே இல்லை. ஆனால் நான் பார்க்கும் பாட்டிமார்களில் பெரும்பாலோருக்குச் சொந்தமாகக் கைபேசி கிடையாது, மகனுடையதோ மருமகளுடையதோதான். அவர்கள் வேலைக்குப் போகும்போது அதுவும் கூடவே போய்விடுகிறது. பகல் முழுவதும் அந்த அம்மாவின் கையில் இருப்பது என்ன என்பதுதான் நாம் யோசிக்க வேண்டியது. தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, நினைத்தபோது எடுத்துத் தடவிப் பார்க்கக்கூடிய ஒன்று அவருக்கு வேண்டும்.

அதைவிட முக்கியமானது, இதழைக் கொண்டுபோய்க் கொடுக்கும் நிமிடம். செய்தி பழையதாகிவிடுமே என்று கேட்டிருந்தீர்கள். செய்தியைக் கொண்டுபோகிற ஆள் பழையவராகிவிடுவதில்லை. தனியாக இருக்கும் முதியவர் வீட்டுக்குச் சும்மா ஒருவர் போய் நின்றால், வந்தவருக்கும் கூச்சம், இருப்பவருக்கும் சங்கடம். நான் ஒரு பாரமாகிவிட்டேனோ, இவள் என்னைச் சோதிக்க வந்திருக்கிறாளோ என்று அவர் மனம் நினைக்கும். கையில் ஓர் இதழோடு போனால் நிலைமை வேறு. அவரிடமிருந்து ஒன்றை வாங்கிக்கொள்ளவும் போகிறீர்கள்: ஒரு பாட்டு, ஒரு குழம்பின் பக்குவம், சாலில் நடந்த ஒரு சண்டை. கொடுப்பவராக அவர் நிமிர்ந்து உட்காருவார். நோயாளியாக நடத்தப்பட்டுப் பழகிப்போன ஒருவருக்கு அந்த நிமிர்வு எவ்வளவு பெரியது என்பது அருகில் இருந்து பார்த்தவர்களுக்கே தெரியும்.

எனவே மிகவும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன், இதழைக் கீழே வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வராதீர்கள், தபாலிலும் போடாதீர்கள். எத்தனை வீட்டுப் படிகளை உங்களால் ஏற முடியுமோ அத்தனை பிரதிகள் போதும். நாற்பது வீட்டையும் ஒருவரே சுமக்கவும் கூடாது. ஹார்பர் லைன் ரயிலில் மான்கூர்ட் வரை ஒருவர், தாராவிக்கு ஒருவர், குர்லாவில் வண்டி மாறி முலுந்துக்கு ஒருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு வீட்டுக்கு எப்போதும் ஒரே ஆளே போகட்டும். முதல் முறை தண்ணீர் கொடுப்பார்கள், இரண்டாம் முறை காப்பி கொடுப்பார்கள், அதற்குப் பிறகுதான் மருந்து வாங்கப் பணமில்லாமல் மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிடுவதைச் சொல்வார்கள். வேகமாகச் செய்தால் இந்த மூன்றாவது பேச்சுக்கு இடமே இருக்காது.

அப்படிச் சொல்லப்படுகிறவற்றில் இதழில் எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்பதில் மிகக் கறாராக இருங்கள். நோயின் பெயர், கடன், பிள்ளைகளோடு உள்ள மனத்தாங்கல், வீட்டுத் தகுதிக்கான ஆவணங்கள் தொடர்பான சிக்கல், இப்போதைய முகவரி ஆகியவை தாளில் வரவே கூடாது. நாற்பது வீட்டுக்கு மட்டும் என்று நீங்கள் நினைத்துக் கொடுத்த தாளை யாராவது ஒருவர் கைபேசியில் படம் எடுத்துவிட்டால் போதும். சொல்லக் கேட்டு எழுதியதை, எழுதியபடியே அவருக்கு ஒருமுறை படித்துக் காட்டுங்கள். அன்று சரி என்று சொன்னவர் இரவு படுத்து யோசித்தபின் வேண்டாம் என்பார். ஆகவே ஒரு வாரம் கழித்து மறுபடியும் கேட்டுவிட்டு நகலெடுங்கள். நகல் வெளியே போய்விட்டால் திரும்பப் பெற முடியாது. மெதுவாகச் செய்கிறோம் என்பதால் கிடைக்கும் பெரிய பாதுகாப்பு இதுதான்.

உதவி தேவைப்படும் செய்தி உங்கள் காதில் விழுந்தால் அதை இதழுக்கு வெளியே, நம்பிக்கையான இரண்டு மூன்று பேர் மட்டும் வைத்துக்கொண்டு கவனியுங்கள். அந்த இடத்தில் ஐயா சொன்ன வாட்ஸ்அப் நன்றாகவே பயன்படும்.

மறுமொழி: மாட்டுங்கா ஆசிரியை

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பாட்டிக்குப் படித்துக் காட்டப் பேத்தி இருப்பாள் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகளில் படித்தவர்களில் பலர் இப்போது நடுவயதைக் கடந்துவிட்டார்கள். இன்றைய பிள்ளைகளில் பலர் ஆங்கில வழியிலோ இந்தி, மராத்தி வழியிலோ படிப்பதால் தமிழைப் பேசுவார்களே தவிரப் படிக்கத் தெரியாது. அவர்களுக்காக இதழில் இரண்டு பக்கங்களைத் தேவநாகரி எழுத்தில், ஆனால் தமிழிலேயே எழுதுங்கள். மராத்தி படிக்கும் பிள்ளைக்கு ளகரம் ஏற்கெனவே பழக்கம். பாட்டிக்கு உரக்கப் படித்துக் காட்டும்போது உச்சரிப்பைப் பாட்டி திருத்துவார். அந்தத் திருத்தலிலேயே அரை மணி நேரம் இருவரும் சேர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். அதே பகுதியைத் தமிழ் எழுத்திலும் எதிர்ப்பக்கத்தில் கொடுத்தால், ஆர்வமுள்ள பிள்ளை இரண்டையும் ஒப்பிட்டு எழுத்தைக் கற்றுக்கொள்ளவும் வழி பிறக்கும்.

பிள்ளைகளை ஒருமுறை தாராவி ஆர்ட் ரூம் என்ற கலைக்கூடம் செய்யும் வேலைகளையும், பெண்களின் எழுத்துக்கென்றே கலைஞர் ஆக்கி தாமி நிறுவிய சிஸ்டர் லைப்ரரியையும் பற்றித் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். நம் நகரத்திலேயே இத்தகைய இதழ்களைச் செய்பவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் அவர்களுக்கும் ஊக்கம் வரும்.

மறுமொழி: கோலிவாடா வாசகி

பதில் எழுதிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இங்கே எழுதப்பட்டவற்றை என் அம்மாவுக்கும் அவருடைய தோழிகள் இருவருக்கும் படித்துக் காட்டினேன். கதவுகளை வெறுமையாக விட்ட வரைபடம் என்றதும், நான் பேசி முடிப்பதற்குள்ளேயே மூவரும் விரலால் தரையில் எங்கள் சால் குடியிருப்பை வரையத் தொடங்கிவிட்டார்கள். குழாய் இருந்த இடத்தைப் பற்றி அங்கேயே கருத்து வேறுபாடும் வந்துவிட்டது. பழைய குழாய், மாற்றி வைத்த குழாய் என்று இரண்டையும் குறிப்பது என்று முடிவாகியிருக்கிறது.

தை, சித்திரை, ஆடி, ஐப்பசி என்று ஆண்டுக்கு நான்கு இதழ்கள் கொண்டுவருவதாக நினைத்திருக்கிறோம். பொங்கல், வருடப்பிறப்பு, அம்மனுக்குக் கூழ் ஊற்றுவது, தீபாவளி ஆகிய நாட்களை ஒட்டி வருவதால் எவரும் தேதியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. முதல் இதழ் ஆடியில் வருகிறது. கூழுக்கு வீட்டுக்கு வீடு எப்படிப் பதம் வேறுபடும் என்பதை ஐந்து பெண்களிடம் கேட்டு எழுதப் போகிறோம். ஒருவர் கேழ்வரகு மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்கவிட வேண்டும் என்கிறார். இன்னொருவர் கம்பு சேர்க்காத கூழ் கூழே இல்லை என்கிறார். இருவர் பக்கமும் நான் சாயப் போவதில்லை, இரண்டையும் அவர்கள் சொன்னபடியே எழுதிவிடுவேன்.

செவிலி அம்மா சொன்ன ஒரு வார இடைவெளியையும், ஒரு வீட்டுக்கு ஒரே ஆள் என்பதையும் அப்படியே ஏற்கிறோம். மறுகட்டுமானத்தைப் பற்றி இதழில் எழுதப் போவதில்லை. அதற்குக் கூட்டம் தனியாக நடக்கிறது.

எனக்கு மீதமிருக்கும் கவலை மழைதான். ஆடி மாதம் என்றால் ஜூலை நடுவில் தொடங்கிவிடும். சயானுக்கும் குர்லாவுக்கும் இடையே தண்டவாளத்தில் தண்ணீர் நிற்கும் நாட்கள் அவை. சுற்றுக்குப் போகும் ஒற்றைப் பிரதி நனைந்துவிட்டால் என்ன செய்வது? அட்டைக்கு என்ன போடலாம், எந்தப் பேனாவால் எழுதச் சொல்லலாம்?

மறுமொழி: நூலும் ஊசியும்

நகலெடுத்த பிரதிகளைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்பட வேண்டாம். அதில் இருப்பது சூட்டில் உருகித் தாளோடு ஒட்டிக்கொண்ட பிளாஸ்டிக் தூள் என்பதால் எழுத்து கரையாது, தாள் மட்டும் சுருங்கும். நகலெடுக்கும் நாளுக்கு முன்பு தாள் கட்டைப் பிரித்து வைக்காதீர்கள். ஈரம் ஏறிய தாள் இயந்திரத்தில் சிக்கும்.

சுற்றேட்டுக்குச் சாதாரண பால்பாயிண்ட் பேனாவே நல்லது, அதன் மை எண்ணெய் கலந்தது. மைப்பேனாவும் பல ஜெல் பேனாக்களும் ஒரு சொட்டு நீரிலேயே பரவிவிடும். ஆகவே ஏட்டோடு ஒரு பேனாவையும் நூலில் கட்டியே அனுப்பிவிடுங்கள், வீட்டில் கிடைத்ததை எடுத்து எழுத மாட்டார்கள். அட்டைக்குத் தடித்த பழுப்புத் தாளை இரண்டு மடிப்பாக ஒட்டி, அதன்மேல் பழைய பருத்திப் புடவைத் துணியைப் பசையிட்டு ஒட்டுங்கள். மைதாப் பசையில் சிறிது மயில்துத்தம் கலந்தால் பூச்சி வராது, ஆனால் அது நஞ்சு என்பதால் பிள்ளைகளையும் சமையல் பாத்திரங்களையும் அதன் அருகில் விடாதீர்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கையை நன்றாகக் கழுவுங்கள். தாளும் அட்டையும் மொத்தமாக வாங்க க்ராஃபோர்டு மார்க்கெட் பக்கத்திலுள்ள அப்துல் ரஹ்மான் தெருவுக்குப் போனால் விலை குறைவாகக் கிடைக்கும். ஏட்டை எடுத்துப் போக ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை ஒன்றும், அதற்கு மேலே ஒரு துணிப்பையும் போதுமானவை.

வரைபடப் பக்கத்தை மட்டும், சுற்றுக்கு அனுப்புமுன்னும் ஒவ்வொரு வட்டாரம் முடிந்து திரும்பும்போதும், ஒரு நகல் எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஏட்டுக்கு ஏதேனும் நேர்ந்தாலும் நிரப்பிய கதவுகள் போகாது.